தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி

என் வீட்டுக்காரரைப் பாதி கொன்றது நாய். மீதியைக் கொன்றது என் வாய்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். ஆனாலும் வைத்தியத்தில் ஒரே ஒரு பாடம் எனக்கு அத்துப்படி. நான் சிறுமியாக இருந்தபோது அண்ணனை வெறிநாய் கடித்துவிட்டது. தினம் ஒன்றாக, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அவனை பஸ்ஸில் கூட்டிப்போகும்போதெல்லாம் நானும் ஒட்டிக்கொள்வேன். திரும்பி வந்து தெருவெல்லாம் சொல்வேன்.

"எங்கண்ணன் வவுத்துல பல்லாங்குழி ஆடலாம். பதினாலு குழியும் ரெடி."

சிரிக்காத ஆள் கிடையாது. அந்தக் கதையை ஐம்பது வருடம் ஓட்டினேன். சொல்லும்போதெல்லாம் ஊசியைக் கொஞ்சம் நீட்டினேன். கடைசியில் அது கோணி தைக்கிற ஊசியாகிவிட்டது.

போன வருடம் தை மாதம், கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி பிடுங்கப் போன வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். குதிகாலுக்கு மேலே இரண்டு கீறல்.

"இன்னாய்யா இது?"

"மரவள்ளிக் குச்சி கீச்சிடுச்சிடி."

மஞ்சளை அரைத்துப் பூசினேன். சாப்பிடும்போது, ஏதோ ஊர்க்கதை பேசுவதுபோலக் கேட்டார்.

"ஏண்டி, நாய் கட்ச்சா இன்னும் அந்தப் பதினாலு ஊசிதான் போடுறாங்களா?"

எனக்குச் சொல்லவா வேண்டும்?

"அது எங்கண்ணனோட ஒல்லி வவுத்துக்கு. உன் தொப்பைக்கு இருவத்தெட்டு போட்டாத்தான்யா உள்ள போவும்."

சிரித்தார். பிறகு கை கழுவிவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. குழம்பில் உப்பு ஜாஸ்தி போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில், சொம்பை நீட்டினேன். தண்ணீரைக் கண்டதும் தொண்டை இழுத்துக்கொண்டு நடுங்கினார்.

"இன்னாய்யா, தண்ணியப் பாத்து புதுப்பொண்ணாட்டம் வெக்கப்படுற?"

அப்போதும் கேலிதான். ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் வாயைத் திறந்தார்.

"குட்டி நாய்தாண்டி. அத்தினி ஊசிக்கு பயந்துக்கினு சொல்லாம வுட்டுட்டேன்."

டாக்டரம்மாவுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். என் பதினாலைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பல்லாம் ஆட்டு மூளையில மருந்து செஞ்சாங்க ஆயா. அதான் அத்தனை ஊசி. அது போய் ரொம்ப வருஷமாச்சிங்க. இப்ப வயித்துல போடுறதே இல்ல. கையிலதான், நாலு தடவ."

"அப்ப இவருக்கு இப்பவே போடும்மா. நாலென்ன, நாப்பது போடு."

"நோய் வெளிய தெரிஞ்சப்புறம் ஊசி கேக்காதுங்க. கடிச்ச அன்னிக்கே வந்திருந்தா…"

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

எந்த ஊரிலோ யாரோ கண் விழித்து, ஆட்டு மூளையை விட்டு வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊசி மாறிவிட்டது. என் கதைதான் மாறவில்லை.

அவர் வாயில் வழிந்த எச்சிலை நான்தான் துடைத்துவிட்டேன். அதனால் எனக்கும் ஊசி போட வேண்டும் என்றார்கள். நாலாவது தடவை, நர்ஸ் பெண் கையில் பஞ்சை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"வலிக்குதா ஆயா?"

"எறும்பு கட்ச்ச மாதிரிதாம்மா இருக்குது."

"அப்புறம் ஏன் அழுவுறீங்க?"

"வலிக்கலம்மா. அதுக்குத்தான் அழுவுறேன்."