தண்ணிக் கழிவு

தம்பி பிறந்தது ஆடி மாதத்தில், சேரம்பாடியில் மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்தோம். "பொறந்ததும் எடை கொஞ்சம் கொறையும், அது இயல்புதானுங்க. அதுக்கு மேலயும் எளைச்சா உடனே தூக்கிட்டு வந்துருங்க" என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஞாயிறன்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "பால் குடிக்கையிலயே தூங்கிப் போறானுங்க. துணிகூட நனையறதில்லீங்க." எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. அந்த ஈரத்தில் அவனுடைய துணிகளை அடுப்பருகே பிடித்துக் காயவைப்பது என் வேலை.

அப்பா எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடை போடுபவர். மழைக்காலத்தில் இலையோடு தண்ணீரும் தராசில் ஏறும் என்பதால், ஒவ்வொரு மூட்டைக்கும் தண்ணிக் கழிவு என்று கொஞ்சம் குறைத்தே சொல்வார். பறிக்கும் பெண்களிடம் அதற்காகத் தினமும் வசவு வாங்குவார். எதையும் நிறுத்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை. திங்கள் காலை வேலைக்குப் போகும்போது, தம்பியைச் சுற்றும் கம்பளியை நனையாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுபோய்த் தனியாக நிறுத்துக்கொண்டார். மாலையில் அதிலேயே அவனைச் சுற்றி, சாரலில் எடைக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார். நானும் கூடப் போனேன்.

தராசு காட்டியதில் கம்பளியின் எடையைக் கழித்தார். ஆஸ்பத்திரியில் சொன்னதைவிடக் கூடுதலாகவே இருந்தது.

"ஏனுங்க, தண்ணிக் கழிவெல்லாம் எங்க கொழுந்துக்கு மட்டுந்தானுங்களா? உங்க பையனுக்குக் கெடையாதா?" என்றாள் வரிசையில் நின்ற ஓர் அக்கா.

"எம்பையன் என்ன கொழுந்துங்களா?"

கொட்டகையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

வீட்டில் அம்மா, "எதுக்கும் ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க" என்றாள்.

"ஏறியிருக்குது புள்ளே. தராசு பொய் சொல்லுமா?"

அடுப்புக்கு மேலே தொங்கவிட்ட கம்பளி சொட்டிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை, கூடலூருக்குப் போகும் ஜீப்பில், அம்மாவின் மடியிலேயே தம்பி இறந்துபோனான்.

ஆவணியில் அப்பா மறுபடி தராசுக்கு வந்தார். மழை நின்றிருக்கவில்லை. முதல் மூட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. தராசில் தெரிந்ததை அவர் அப்படியே சொன்னார். அடுத்த மூட்டைக்கும் அப்படியே. அன்று கேலி பேசிய அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி நான்தான் நினைவூட்டினேன்: "அப்பா, தண்ணிக் கழிவு!"