இரண்டு சிலிண்டரில் தஞ்சாவூர்

அந்த நான்கு எஃகுத் தண்டுகளை மச்சான் எங்கள் அடுப்படியில், மீன் கழுவுகிற தட்டில்தான் போட்டு வைத்திருந்தார். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். அக்காவை எங்கள் வீட்டில் லாத்தா என்போம். தட்டைப் பார்த்ததும் லாத்தா போட்ட சத்தம் பாபநாசம் கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

அரேபியாவில் மச்சான் ஓட்டிய முதலாளியின் கார் எஞ்சினில் எட்டு சிலிண்டர். சமமான சாலையில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க நான்கு தானாகவே ஓய்ந்துவிடுமாம். ஊர் திரும்பி ஒரு பழைய நாலு சிலிண்டர் அம்பாசிடரை வாங்கி வாடகைக்கு விட்டார். சம்பாதிப்பதையெல்லாம் பெட்ரோலே குடித்தது. அந்த நேரம் பார்த்து மறுபடியும் விசா வந்தது. லாத்தா போகச் சொன்னாள். மச்சானோ அசையவில்லை. "நம்ம பக்கம் மேடு ஏது? ரெண்டு சிலிண்டர் போதும் புள்ள" என்று, நடு இரண்டு சிலிண்டர்களின் வால்வுகளைத் திறக்கும் தண்டுகளை உருவிவிட்டார். இன்று என் மகன் காரில் இதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. மச்சானிடம் இருந்தது ஒரு ஸ்பேனரும் பிடிவாதமும்தான்.

இருவருக்குள்ளும் பேச்சு இதுதான்: தஞ்சாவூர் வரை இரண்டில் ஓட்டிக் காட்டினால் விசா திரும்பிப் போகும், முடியாவிட்டால் அன்றைக்கே பாஸ்போர்ட் ஏஜண்டிடம். பாஸ்போர்ட் லாத்தாவின் கைப்பையில் இருந்தது. பின்சீட்டில் அவளோடு நானும் உட்கார்ந்துகொண்டேன். வண்டி உதறிய உதறலில் எங்கள் பேச்சே நடுங்கியது. சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். ஆனாலும் ஓடியது. மச்சான் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

குடமுருட்டிப் பாலம் வந்தது. ஆற்றுப் பாலத்துக்கும் ஏற்றம் உண்டு என்பதை இவ்வளவு வருடம் வண்டியோட்டியவர் எப்படி மறந்தாரோ! பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்றது.

மச்சான் இறங்கினார். கைலியை மடித்துக் கட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று டிக்கியில் போட்டு வந்த தண்டுகளை எடுத்துவந்து, கொளுத்தும் வெயிலில் ஒவ்வொன்றாக மாட்டினார். போகிறவர் வருகிறவரெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவர் நிமிரவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. லாத்தா இறங்கிப் போய் அவர் தலைக்கு நேரே குடையைப் பிடித்தபடி நின்றாள்.

நாலு சிலிண்டரும் சேர்ந்து ஓட, தஞ்சாவூர் வந்தோம். சொன்ன சொல் மாறாமல் ஏஜண்டு ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாஸ்போர்ட்டுக்காகப் பின்பக்கம் கையை நீட்டினார் மச்சான்.

லாத்தா பையைத் திறக்கவில்லை.

"இங்கன இருக்கணும்னு இந்தப் பாடு படுற மனுசன நான் எப்படிங்க அனுப்புவேன்? வண்டியத் திருப்புங்க."