தண்ணீர் கேட்ட கட்டில்

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றாலும் அவர்கள் கை ஓய்வதில்லை. நர்சம்மாவின் கதையும் அதுதான். முழங்கால் மாடிப்படியோடு சண்டை போட ஆரம்பித்ததும், கீழ்த்தளத்தில் ஓர் ஒற்றை அறை பார்த்துவிட்டார். வீடு நிறையக் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களை என்ன செய்வது? ஒத்தாசைக்கு வரவேண்டிய ஒரே தங்கையோடு பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. எதிர்வீட்டு மருமகள்தான் போனை வாங்கி, படம் எடுத்துப் போட்டு விற்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள்.

விளம்பரம் எழுதுவது நர்சம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஷிப்ட் முடியும்போதெல்லாம் அடுத்து வருகிறவளிடம் நோயாளிகளை எழுதி ஒப்படைத்த கை அல்லவா? அதே தோரணையில் சாமான்களையும் ஒப்படைத்தார். "அலமாரி. பொதுவாக நலம். மழைக்காலத்தில் கதவு வீங்கும், பலவந்தம் கூடாது." "மின்விசிறி. வேகமாகச் சுற்றினால் முனகும். பயப்பட வேண்டாம், வலி இல்லை." படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களே வாங்கவும் வந்தார்கள். மறுநாள் அவர்களுக்குப் போன் போட்டு, "அலமாரி எப்படி இருக்கு? புது இடம் ஒத்துக்கிச்சா?" என்று விசாரிப்பார். வாங்கியவன் பாவம், என்ன சொல்வான்? "நல்லா இருக்கும்மா" என்பான்.

சாமான் போகப் போக வீடு பெரிதாகிக்கொண்டே வந்தது. அலமாரி நின்ற இடத்தில் சுவர் மட்டும் பழைய நிறத்தோடு பளிச்சென்றிருந்தது. ஜன்னல் வெயில், தடுக்க ஆளில்லாமல் மெதுவாக உள்ளே நடந்து வந்து, எதிர்ச்சுவர் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது. நர்சம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தபடியே கண் செருகிவிடும்.

கடைசியில் அம்மாவின் கட்டில் மட்டும் மிஞ்சியது. விற்க மனமில்லை, வைத்துக்கொள்ள இடமில்லை. நியாயமாகப் பார்த்தால் தங்கைக்குப் போகவேண்டிய கட்டில். கூப்பிட்டுச் சொல்லத்தான் வாய் வரவில்லை. வெளியூர் ஹோட்டலில் வேலை பார்த்த தங்கைக்கு லீவு கிடைத்து அவள் வந்து சேர்வதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். வாசலிலேயே மறித்து, "இப்ப எதுக்கு வந்த?" என்று கேட்டுவிட்டார் நர்சம்மா. துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லை? வந்த வழியே திரும்பியவள் அதன்பிறகு பேசவில்லை. இவரும் கூப்பிடவில்லை. வீம்பு என்று வந்துவிட்டால் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். அவள் ஒருமுறை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் போனால் போகட்டும் என்று நர்சம்மா உள்ளுக்குள் கிடந்து தவித்தார்.

ஒரு மத்தியானம் அந்தக் கட்டிலிலேயே சாய்ந்துகொண்டு விளம்பரத்தை எழுதத் தொடங்கினார். "கட்டில். தேக்கு. கால்கள் உறுதி. ஒருக்களித்துப் படுத்தால் சத்தம் வரும்." திரைச்சீலை உள்ளே வருவதும் போவதுமாக இருந்தது. எங்கோ குழாய் சொட்டியது. அறை வார்டாகி, வார்டு மறுபடி அறையானது. வெள்ளைப் போர்வைக்குள் யாரோ திரும்பிப் படுத்தார்கள். நர்சம்மாவின் விரல் மட்டும் நின்றபாடில்லை. "இரவு அடிக்கடி விழித்தார். தண்ணீர் கேட்டார். சின்னவள் வந்தாளா என்று கேட்டார். பிறகு நிம்மதியாகத் தூங்கினார்." எழுதி முடித்தால் ஒப்படைத்துவிட வேண்டும், பழக்கதோஷம். பொத்தானை அழுத்திவிட்டு அப்படியே தூங்கிப்போனார்.

வெயில் சாய்ந்தபோது எதிர்வீட்டு மருமகள் கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, உங்க கட்டில் தண்ணி கேக்குதாமே! ஒரே சிரிப்பா கிடக்கு. டீ குடுக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு."

நர்சம்மா அவள் போனை வாங்கிப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. யாரிடமும் வாய்திறக்காத விஷயத்தை ஊருக்கே தண்டோரா போட்டாயிற்று. "அழிச்சிடும்மா, உடனே அழிச்சிடு" என்று அவர் பதறிக்கொண்டிருக்கும்போதே கட்டிலில் கிடந்த அவர் போன் அடித்தது. திரையில் தங்கையின் பெயர்.

"உன் விளம்பரம் ஒண்ணு விடாம படிக்கிறேங்க்கா." நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "அம்மா நிஜமாவே என்னைக் கேட்டாங்களா?"

"தினமும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

எதிர்வீட்டு மருமகள் நாசூக்காக நழுவினாள். நர்சம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"'வந்தாம்மா, நீ தூங்கிட்டிருந்த. எழுப்ப வேணாம்னு நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு வேலைக்குப் போயிட்டா'ன்னு சொன்னேன். பொய்தான். வேற என்ன செய்யச் சொல்ற?"

"நம்பினாங்களா?"

"'அதான் நெத்தி ஜில்லுன்னு இருந்துச்சு'ன்னு சொன்னாங்க. அப்புறந்தான் தூங்குவாங்க."

தங்கை உடைந்து அழுதாள். "கடைசி வரைக்கும் நான் வரவே இல்லியேக்கா, வரவே இல்லியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"யாருடி சொன்னா?" என்றார் நர்சம்மா. "தினமும் வந்த."