பஞ்சாரத்துக்குள் மறைத்த அம்மன் சேவல்

என் மகள் செல்வி மூச்சுவிட முடியாமல் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டரிடம் நான் ஒரு பொய் சொன்னேன்.

"வீட்ல கோழி இருக்காம்மா?"

"இல்லைங்க."

இலவச டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். தை அறுப்பு முடிந்த வயலில் மேய வந்த வாத்துகள் கூட்டமாகச் செத்தன. பிறகு தெருக்கோழிகள் செத்தன. பறவைக் காய்ச்சல் என்றார்கள். உடம்பெல்லாம் மூடிய கால்நடை ஆட்கள் வீடு வீடாக வந்து கோழிகளைப் பிடித்து அழித்தார்கள். என் ஏழு கோழிகளையும் கொடுத்துவிட்டேன். சேவலை மட்டும் கொடுக்கவில்லை. அது காளியம்மனுக்கு நேர்ந்துவிட்டது. அவள் வாசலில் தவிர வேறெங்கும் அதை அறுக்கக் கூடாது. உள்ளறையில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே சாக்கைப் போட்டேன். செல்விதான் தீனி வைத்தாள்.

கோயில் தர்மகர்த்தாவுக்கு இது தெரியும். "வாயத் தொறக்காத. நீ உழுவுறது அம்மன் நெலம், ஞாபகம் வச்சுக்க" என்றார். மூன்று தலைமுறையாக எங்கள் குத்தகை. அதைத் தனக்குத் தரச் சொல்லி அவர் மைத்துனர் கேட்டுக்கொண்டிருந்தார்.

சேவல் தலையைத் தொங்கப் போட்டது. மறுநாளே செல்விக்கும் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அவள் உதடு நீலமானது.

ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பார்த்து நின்று காளியம்மனிடமே கேட்டேன். "தாயே, ஒன் சேவலுக்காகப் பொய் சொல்லிட்டேன். சேவல் வேணுமா, எம் புள்ளை வேணுமா? ரெண்டையும் எடுத்தா ஒன் வாசல மிதிக்க மாட்டேன்." அழவில்லை. கோபமாகத்தான் கேட்டேன். கேட்டு முடித்ததும் என் கால் தானாக டாக்டர் அறைக்கு நடந்தது. அந்நிய ஆம்பிளையிடம் நிமிர்ந்து பேசாதவள், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அந்த நிமிஷமே மருந்தை மாற்றினார். கால்நடை ஆட்கள் என்னை வண்டியில் ஊருக்கு அழைத்துப் போனார்கள்.

என் வீட்டு வாசலில் தர்மகர்த்தா நின்றார். தெருவே கூடியிருந்தது.

"அம்மன் சேவல அரசாங்கத்துக்குக் கொடுக்குறவளுக்கு அம்மன் நெலம் எதுக்கு?"

"நெலம் அவளோடதுங்க. அவ வந்து நெலத்த விட்டு எறங்கச் சொல்லட்டும், எறங்குறேன். நீங்க வழிய விடுங்க."

பூட்டைத் திறந்துவிட்டேன். சேவலைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சேவலுக்கு அந்த நோய்தான் இருந்தது. என் மகளுக்கும் அதேதான். "இன்னும் ஒரு நாள் மறச்சிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர். ஆறாம் நாள் செல்வி எழுந்து உட்கார்ந்து, "சேவலுக்குத் தீனி வச்சியாம்மா?" என்றாள். அப்போதுதான் அழுதேன்.

ஆடியில் மண்ணால் செய்த சேவல் ஒன்றை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி வாங்க மறுத்தார். நானே அவள் காலடியில் வைத்தேன். அவள் வேண்டாம் என்று தள்ளவில்லை. அந்தச் சேவல் இன்னும் அங்கேதான் நிற்கிறது. நானும் அந்த வயலில்தான் நிற்கிறேன். இந்தத் தையிலும் நெல் அறுத்தேன்.

நேர்த்திக்கடனுக்குப் பயந்து நோயை மறைக்காதீர்கள். அவள் நம் பொய்யில் பங்கு கேட்கிறவள் இல்லை. உள்ளதைச் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்தே கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் கொடுப்பாள். எனக்குக் கொடுத்தாள்.