அண்ணி காய்ச்சிய ஆரஞ்சு

என் அண்ணியின் அடுப்படிக்குள் ஒரு திருகாணி விழுந்தால்கூட வீடு ரெண்டாகிவிடும். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அவள்தான் தலைமை. நோயாளிகளுக்குச் சமைத்துப் பழகிய சுத்தம் அது. அண்ணன் தன் ரிமோட் காரின் சக்கரத்தைக் கழுவப் பாத்திரம் தேய்க்கும் தொட்டிப் பக்கம் போனாலே போதும், "அந்தக் கருமத்த எடுத்துக்கிட்டு வெளிய போங்க!" என்று கரண்டியோடு வந்து நிற்பாள். அப்படிப்பட்டவள் போன வாரம் அதே காரின் பாகங்களைப் பானையில் போட்டுக் காய்ச்சினாள் என்றால் யார் நம்புவார்கள்? நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்!

காரணம், அண்ணனின் கண். காலமெல்லாம் பஸ் ஓட்டியவன். பார்வை மங்கியதும் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு, டிப்போவில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலையில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு மிஞ்சிய ஒரே ஓட்டம் அந்தக் கார்தான். மைதானத்துச் சிமெண்ட் தளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் விடுவார்கள். வண்டியின் சக்கரம், பம்பர், பின்னிறக்கை எல்லாம் வெள்ளை நைலான். வெயிலில் வெளுத்துப்போன தரையும் வெள்ளை. ஒரு பந்தயத்தில் வண்டி எங்கே என்று தெரியாமல் சுவரில் கொண்டுபோய் மோதினான். பெயிண்ட் அடித்துப் பார்த்தான். அடுத்த மோதலிலேயே அது பொரிந்து உதிர்ந்துவிட்டது.

"இந்த ஞாயித்துக்கிழமையும் வண்டி தெரியலைன்னா, ரிமோட்ட யாருக்காவது குடுத்துடப் போறேன்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் அன்று அவன் சாப்பிடவில்லை.

நான் தையற்கடைக்காரி. சட்டென்று பொறி தட்டியது. "அண்ணி, நைலான் துணிக்குச் சாயம் ஏறும்னா நைலான் சக்கரத்துக்கு ஏறாதா? பெயிண்ட் மாதிரி மேல ஒட்டிக்கிட்டு நிக்காது, உள்ளயே இறங்கிடும். என்ன, சுடுதண்ணியில ஊறணும்."

"எந்த அடுப்புல சுடுதண்ணி?" என்றாள் அண்ணி. அவள் பார்த்த பார்வையில் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். பிறகு அண்ணன் இருந்த அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "சரி, செய்வோம். ஆனா என் பாத்திரம் ஒண்ணு மேலயும் கை படக் கூடாது. நான் சொல்றபடிதான் எல்லாம் நடக்கணும்."

முதலில் நிறம். கடையிலிருந்து துண்டுத் துணிகளைக் கொண்டுபோய்ச் சிமெண்ட் தளத்தில் பரப்பினேன். அண்ணன் மறுகோடியில் நின்றான்.

"நீலம் நிழல் மாதிரி இருக்கு. பச்சை... ம்ஹூம். ஏய், அந்த ஆரஞ்சு! அது என்ன, நேரா வந்து கண்ணுல குத்துது!"

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே நைலான் துணிக்கான ஆரஞ்சுச் சாயம் வாங்கிவிட்டேன்.

பழைய சாமான் கடையிலிருந்து நசுங்கிய அலுமினியப் பானை ஒன்று வந்தது. அண்ணி செய்த முதல் காரியம், ஆணியும் சுத்தியலும் எடுத்து அதன் விளிம்புக்குக் கீழே ஓர் ஓட்டை போட்டதுதான். "நாளைக்கு யாராவது மறந்துபோய் இதுல சமைச்சுட்டா? ஓட்டையப் பாத்தாவது புத்தி வரட்டும்." அதே நியாயத்தில் ஒரு பழைய மரக்கரண்டியின் காம்பைப் பாதியாக ஒடித்தாள். என் கடையின் மின்சார அடுப்பைப் பின்வாசலில் வைத்து, சுற்றிலும் செய்தித்தாள் விரித்தோம். கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாகத்தையும் கிரீஸ் போகச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பிசுக்கு இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும் என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, அதற்குள் இரண்டாம் தடவையும் தேய்த்துவிட்டாள். எல்லாவற்றையும் நூலில் கட்டி, சாயத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டோம்.

"கொதிக்க விட்டுடாதீங்க அண்ணி, மெல்லிசான பாகம் வளைஞ்சுடும். ஆவி வந்தா போதும்."

"நெருப்பப் பத்தி எனக்கே பாடமா, நாத்தனாரே?"

உடைந்துபோன பழைய பம்பர்த் துண்டை முதலில் விட்டுப் பார்த்தோம். நூலைப் பிடித்துத் தூக்கினால், அடேங்கப்பா, பளிச்சென்று ஆரஞ்சு! நகத்தால் சுரண்டினேன், இம்மியும் போகவில்லை. பிறகு மீதி எல்லாவற்றையும் இறக்கினோம். அண்ணி கண்ணை எடுக்காமல் கிளறிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அது நடந்தது. அண்ணி இடது கையுறையைக் கழற்றினாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டாள். ஊதினாள். நக்கினாள். உப்புப் பார்த்துவிட்டாள்!

"ஐயையோ அண்ணி! துப்புங்க, துப்புங்க!"

குழாயடிக்கு ஓடி வாய் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். "கை அதுபாட்டுக்குப் போயிடுச்சுடி! தினமும் அண்டா அண்டாவாப் பாக்குற பழக்கம்!" சத்தம் கேட்டு வந்த அண்ணன் கதவோரம் நின்று, "உப்பு சரியா இருக்காம்மா?" என்றான். அவள் ஆரஞ்சு நாக்கை நீட்டிக் காட்டினாள். அந்த வாரத்தில் அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். நானோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாகங்களை நிறம் கசிவது நிற்கும் வரை அலசிக் காய வைத்தோம். அடுப்படியில் ஒரு சொட்டுச் சாயம் இல்லை. அண்ணி விளக்கைப் போட்டுக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை. இத்தனை வருஷத்தில் பந்தயத்தை எட்டிப் பார்க்காத அண்ணியும் வந்து என் பக்கத்தில் நின்றாள். வண்டிகள் சீறிக் கிளம்பின. ஆரஞ்சு வண்டி மூன்றாவதாக ஓடியது. என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். திடீரென்று தூரத்து வளைவில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் குவியலாகிவிட்டன. அண்ணி என் கையை இறுக்கிய இறுக்கில் நகம் பதிந்தது. ஓரத்தில் நின்ற பையன்கள் ஓடிப்போய் வண்டிகளை நிமிர்த்தி வைத்தார்கள்.

"இடது பக்கம்ணே!" "இல்லண்ணே, பின்னால!" என்று ஆளாளுக்கு அண்ணனுக்கு வழி சொன்னார்கள். நானும்தான்.

"எல்லாரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா?" என்றான் அண்ணன். "என் வண்டி எனக்குத் தெரியுது."

குவியலிலிருந்து ஆரஞ்சு வண்டி விலகி, திரும்பி, நேர்கோட்டில் பறந்தது. ஐந்தாவதாக வந்தான். அதனால் என்ன! ஜெயித்தவனுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது, நான் தட்டிய தட்டில்.

எல்லாரும் வண்டிகளை எடுத்துப் பைக்குள் வைத்தார்கள். தளம் காலியானது. அண்ணன் மட்டும் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை.

"முடிஞ்சிடுச்சுங்க, வாங்க" என்றாள் அண்ணி.

"இன்னும் ஒரே ஒரு சுத்தும்மா. சும்மா ஓட்டிப் பாத்துக்கிறேன்."

"ஓட்டுங்க" என்றாள். பேட்டரி தீருகிற வரைக்கும் அவன் ஓட்டினான். நாங்கள் இருவரும் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.