அண்ணன் எடுத்துக் கொடுத்த அளவு

அவளை எல்லோரும் ஸ்பேனரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. மெக்கானிக் வரட்டும் என்று எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுப்பெண் எழுந்துபோய்த் தன் கைப்பையைத் திறந்தாள். "சீப்பு வச்சிருப்பான்னு பார்த்தா ஸ்பேனர் வச்சிருக்காளே!" என்று மாமியார் வாய்விட்டுச் சிரித்தது தெரு முழுக்கக் கேட்டது. அன்றைக்கு ஒட்டிய பேர்.

அவளுக்கு அந்த வேலை அப்பாவின் லாரிப் பட்டறையில் வந்தது. அவளும் அண்ணனும் அங்கேயே வளர்ந்தவர்கள். அண்ணனுக்கு எந்த வண்டியானாலும் ஏறி உட்கார வேண்டும். அவளுக்கு அதன் அடியில் போய்ப் படுக்க வேண்டும். அப்பா போனபிறகு பட்டறையும் போனது. அண்ணன் யார் யாருடைய பொக்லைனையோ ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றினான். அவள் ஒரு டிராக்டர் பட்டறையில் தலைமை மெக்கானிக்காகச் சேர்ந்தாள். கணவர் கல் குவாரியில் லாரிகளை எடை போட்டு எழுதுகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர்.

ஒருநாள் அண்ணன் பட்டறை வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"குவாரிக்குப் பின்னாடி ஒரு பழைய புல்டோசர் கிடக்கே, பார்த்திருக்கியா? முதலாளியோட அப்பா காலத்து வண்டி. அதை ஓட வச்சா நம்மகிட்டயே விட்டுர்றேங்கறாரு. நிலம் சமப்படுத்துற வேலைக்கு ஆளு அலையறான். நான் ஓட்டுறேன், நீ பார்த்துக்க. இன்னொருத்தன் பட்டறையில எத்தனை காலம்டி குப்பை கொட்டுவே?"

அவள் மறுநாளே வேலையை விட்டாள். இன்னொருவர் சொல்லியிருந்தால் நாலு பேரிடம் விசாரித்திருப்பாள். சொன்னது அண்ணன்.

போய்ப் பார்த்தபோது வண்டி பாதி மண்ணுக்குள் இருந்தது. சக்கரங்களைச் சுற்றிய செயினுக்குள் ஒரு புதர் வளர்ந்து, இரும்பு எது வேர் எது என்று தெரியவில்லை. சீட்டுப் பஞ்சுக்குள் எலிக் குடும்பம். புகைக்குழாயில் குளவிக்கூடு. "இதை ஓட வைக்கிறதுக்கு முன்னாடி இதுங்களுக்கு வேற வீடு பார்க்கணும்" என்றாள் அவள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இன்ஜின் துளியும் அசையவில்லை. டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிவிட்டு, சிலிண்டர்களுக்குள் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டாள். தினமும் காலையில் வந்ததும் கடப்பாரையைக் கொடுத்துத் திருப்பிப் பார்ப்பாள். அசையாது. "சரிடா கண்ணா, நாளைக்குப் பார்ப்போம்" என்று இன்ஜினைத் தட்டிக்கொடுத்துவிட்டு, செயின் ஓடும் உருளைகளைக் கழற்றப் போவாள். ஒருநாள் கடப்பாரை மயிரிழை நகர்ந்தது. அவள் போட்ட கூச்சலில் எடைமேடையிலிருந்து கணவர் ஓடிவந்தார், அடிபட்டுவிட்டது என்று நினைத்து.

அதற்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. ஒரே ஒரு பிஸ்டன்தான் சிலிண்டரின் உள்ளுறையான லைனரோடு ஒட்டிக்கொண்டு கடைசிவரை பிடிவாதம் பிடித்தது. அதையும் மரக்கட்டை வைத்துத் தட்டியே வெளியே எடுத்தாள். வண்டியை இடம் வலம் திருப்புவதற்கான கிளட்ச் தட்டுகள் துருவில் ஒன்றாகிக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் கிரீஸ் வாடை. அவளுக்கு அது தெரியவே இல்லை. கணவர்தான் தட்டை மெதுவாகத் தள்ளி வைப்பார்.

முன்னால் மண் தள்ளும் பிளேடைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்கைப் பிரித்தபோது அண்ணன் குறுக்கே வந்தான்.

"அதை விடு. பிளேடு தூக்கலைன்னாலும் பரவால்ல. வண்டி நகர்ந்தா போதும்."

"மண்ணு தள்ளாத புல்டோசர் எதுக்குண்ணே? ஊர்வலம் போகவா?"

அவன் பீடி பற்றவைத்தான். கணவரும் அந்த வாரம் ஒருமுறை, "இவ்வளவு உடம்பை வருத்திக்கணுமா? ஓடினா போதாதா?" என்று கேட்டார். தன்மேல் உள்ள அக்கறை என்று நினைத்து அவளுக்கு மனம் குளிர்ந்தது.

இன்ஜின் முதன்முதலாகப் பிடித்த அன்று கரும்புகை எழுந்து குவாரி விளிம்புவரை போனது. நிலம் காலுக்கடியில் அதிர்ந்தது. அண்ணன் மேலே உட்கார்ந்து பிளேடை இறக்கி, பக்கத்திலிருந்த மண்மேட்டை ஒரே தள்ளாகத் தள்ளினான். அவள் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் கரி. "பாருடா, வண்டியை விட இவதான் அதிகம் புகை விடுறா" என்றான் அண்ணன்.

அடுத்த வாரம் குவாரியின் புது ஆபீசுக்கு எதற்கோ போனாள். வாசல் புல்தரையின் நடுவே கொத்தனார் ஒருவர் இடுப்புயரத்துக்குச் சிமெண்ட் மேடை கட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கம் சாய்வாக ஒரு பாதை.

"என்னங்க இது, கொடிக்கம்பத்துக்கா?"

"உங்களுக்குத் தெரியாதா? உங்க வண்டிதான் ஏறி நிக்கப்போகுது. திறப்பு விழா அன்னிக்கு ஓட்டிட்டு வந்து ஏத்திடுவாங்க. அப்புறம் செயினைத் தளத்தோட வச்சு வெல்ட் அடிச்சிடணுமாம். புல்லு அழுக்காகாம இருக்க ஆயிலெல்லாம் வடிச்சிடுவாங்க. அளவே உங்க அண்ணன் குடுத்ததுதான்."

"அளவு எப்போ குடுத்தாரு?"

கொத்தனார் கரண்டியைத் துடைத்தபடி யோசித்தார். "வண்டியில புதரு இருந்துச்சே, அப்போ. வண்டி மேல ஏறி நின்னுதான் அகலம் பிடிச்சோம்."

அவள் நேராக அண்ணனிடம் போனாள். அவன் புது பொக்லைன் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். சீட்டில் பாலித்தீன் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கோபப்படாதடி. பழசை ஓட வச்சுக் குடுத்தா இந்தப் புது வண்டிக்கு என்னை நிரந்தரமா போடுறேன்னாரு முதலாளி. எனக்கும் வயசாகுதுல்ல?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லலை."

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியே அண்ணே" என்றாள்.

முதலாளி அந்தப் பக்கம் வந்தார். "ஏம்மா வருத்தப்படுறே? தூக்கிட்டு வந்து வச்சா அது பொம்மை. தானா ஏறி நின்னாதான் கம்பீரம். யானை செத்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்க."

"உயிர் குடுத்துட்டுக் கொல்றதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

வீட்டில் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் தலை நிமிரவே இல்லை. சட்டையின் ஒரே கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். பாதியில் நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்:

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்க அண்ணன்தான் சொல்ல வேண்டாம்னான். நானும் அங்க வேலை பார்க்கிறவன்தானே..."

"நீங்க யாருக்குப் புருஷன்?"

அவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். அண்ணன் செய்ததைக்கூட அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. ஆசை, பயம், ஏதோ ஒன்று. தினமும் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து, அவள் வேர்வையில் கிடப்பதைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறிவிட்டுப் போனவரைத்தான் அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை.

திறப்பு விழா அன்று வண்டி கிளம்பவில்லை. அவள் போவதாகவே இல்லை. கணவர் மூச்சிரைக்க வந்து, "பொம்பளை பார்த்த வேலைதானே, படுத்துடுச்சுன்னு பேசிக்கிறாங்க" என்றார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

விருந்தினர்கள் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். அண்ணன் டீசல் டேங்க்கைக் காலியாகவிட்டு, பிறகு ஊற்றியிருக்கிறான். குழாயெல்லாம் காற்று அடைத்து, டீசல் இன்ஜினுக்குப் போகவில்லை. அவள் பம்பின் திருகைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்தினாள். பிறகு தானே ஸ்டார்ட் செய்தாள். ஒரே பிடியில் பிடித்தது. கீழே இறங்கி அண்ணனைப் பார்த்தாள்.

"ஏறுங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவனை அவள் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அவன் கைப்பிடியில் வைத்த கை அப்படியே நின்றது. "என்னடி..." என்று ஆரம்பித்தான். அவள் பழைய துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். வண்டி சாய்வில் ஏறி மேடையில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். வெல்டர் மிஷினை இழுத்துக்கொண்டு வரும்போது அவள் வெளியே வந்துவிட்டாள்.

டிராக்டர் பட்டறையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தான். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷட்டர் கடை பிடித்துத் தண்ணீர் பம்புகளைப் பழுது பார்க்க ஆரம்பித்தாள். வேலைக்குக் குறைவில்லை. கணவரோடுதான் இருக்கிறாள். சமையல், துணி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம் நடக்கிறது. கடையில் அன்று என்ன நடந்தது என்பதை மட்டும் அவரிடம் சொல்வதில்லை. அவரும் ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

அண்ணனுக்குக் குவாரியில் நல்ல பேர். ஒருநாள் அவன் தன் மாமியார் வீட்டுப் பம்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். அவள் நாற்காலி போட்டாள். "டீ சொல்லட்டுமாங்க?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாலு வார்த்தை திட்டிடுடி. நிம்மதியா போயிடுவேன்."

"பேரிங் போயிருக்கு. மாத்தி வைக்கிறேன், சாயங்காலம் வாங்க" என்றாள் அவள்.

அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். சாயங்காலம் பம்பை எடுத்துப்போக அவன் வரவில்லை, ஆள் அனுப்பியிருந்தான்.