கறையான் தின்ற பதிவேடும் கம்ப்யூட்டர் வகுப்பும்

காலேஜில் லேப் அட்டெண்டராக இருக்கும் உங்களுக்குத் தெரியும்: மெஷின் கெட்டால் ரிப்பேர்காரர் வருவார், உள்ளே போடுகிற விவரம் கெட்டிருந்தால் நம்மைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் பத்தாவதும் டைப்பிங் லோயரும் முடித்தவள். பிள்ளைகள் வேலைக்குப் போனபிறகு, திருவொற்றியூரில் ஒரு காலேஜில் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தேன். அங்கே வரலாற்று மேடம், பழைய குடும்பங்களைக் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்றும் பாடம் நடத்துகிறார். அதற்காக எங்கள் மாதா கோயிலின் பழைய குடும்பப் பதிவேட்டை வாங்கி வந்து, டைப் அடிக்க என்னிடம் கொடுத்தார். கடல் கொண்டுபோன எங்கள் தெரு அதில் இருந்தது. வேறு எந்தத் தாளிலும் இல்லை. சரியில்லாத வரி என்று மாணவர்கள் நீக்கிவிட்டால் அதோடு போச்சு.

ஆறு மரியா

பல இடத்தில் கறையான் பெயரைத் தின்றிருந்தது. ஒரு குழந்தையைப் பெயரில்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. மாதாவை வேண்டிக்கொண்டு 'மரியா' என்று அடித்துவிட்டேன். ஒரே தெருவில் ஆறு மரியா வந்ததும் மேடம் சிரிக்காமல் சொன்னார்: "அக்கா, ஞானஸ்நானம் ஃபாதர் குடுக்கட்டும். நீங்க கட்டத்தைக் காலியா விடுங்க."

தொழில்: இல்லை

பெண்கள் பெயருக்கு நேரே, தொழில் என்ற இடத்தில் வரிசையாக 'இல்லை'. நஸ்ரீன் என்ற மாணவி அதை அப்படியே கூட்டி, இந்த ஊரில் பெண்கள் வேலைக்கே போகவில்லை என்று படம் போட்டுக் காட்டினாள். அதே வகுப்பில் படிக்கும் மீன்காரம்மா மகள் தேவி எழுந்தாள்: "எங்கம்மாவுக்கும் இதே 'இல்லை'தான் போடுவாங்கோ. அப்ப விடிகாலைல கூடைய தூக்கினு காசிமேட்டுக்கு இன்னாத்துக்குப் போவுது, காத்து வாங்கவா?"

கடலில் விழுந்த புள்ளிகள்

பதிவேட்டில் உள்ள வீடுகளை மாணவர்கள் பழைய தெருப்படத்தில் தேடி, இன்றைய வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். பதினோரு புள்ளி கடலுக்குள் போய் விழுந்தது. "தப்பான டேட்டா மேடம், தூக்கிடலாமா?" என்று கேட்டபடியே நஸ்ரீன் பதினொன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டாள். வகுப்பில் நான் வாய் திறப்பதில்லை. அன்று மேசை துடைத்த துணியோடு போய் நின்றேன். "தூக்காதம்மா. அது தப்பில்ல. கடலு அரிக்காம இருக்க கரையில கல்லு கொட்றதுக்கு முன்னாடி அங்க தெரு இருந்துச்சு. நாலாவது புள்ளி எங்கம்மா வூடு."

நஸ்ரீன் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். 'கடல் கொண்டது' என்று புதிதாக ஒரு கட்டம் திறந்தாள். பிறகு எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்: "உக்காருங்க ஆன்ட்டி. அஞ்சாவது வூட்டுக்குப் பேரு காலியா கீது. அங்க யாரு இருந்தாங்க?"

அனல்மின் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கரன்ட் போகிற ஊர் இது. ஏற்றியதெல்லாம் அழிந்துவிடக் கூடாதே என்று, கடலுக்குள் இருக்கும் எங்கள் பதினோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் தினமும் லேபைப் பூட்டுகிறேன்.